பூவராகன் அடைத்த கதவு

நாய் டாக்டர் பூவராகனோடு மல்லுக்கட்டுவதற்கு எங்கள் ஜெனோவா மேடம் என்ன பாவம் செய்தாரோ தெரியாது. இத்தனை வருஷம் நாய்களுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு, தன்னைவிட வயதில் இளையவரிடம் ஆராய்ச்சி மாணவராக வந்து சேர்ந்தார் மனிதர்.

காரணம் பார்வோ. நாய்க்குட்டிகளை ரத்தபேதியில் கொல்கிற வைரஸ். ஊசி போட்டிருந்தும் அவர் மகளின் குட்டி அதில்தான் செத்தது. அவள் இன்னொரு குட்டி கேட்கிறாள். "இந்த வைரஸுக்கு ஒரு வழி பண்ணாம வீட்டுக்குள்ள நாயே கிடையாது" என்றுவிட்டார். அன்றிலிருந்து அவள் அப்பாவிடம் பேசுவதில்லை.

வந்த நாளிலிருந்து ஒரே கேள்விதான்.

"மேடம், இந்த செல்லுக்கு அறிவே கிடையாதா? கொல்ல வர்றவனுக்கு எதுக்குக் கதவைத் திறந்து விடுது?"

"அது செல் தனக்கு வேண்டிய இரும்புச்சத்தை எடுத்துக்கிற கதவு, டாக்டர். வைரஸ் அதுல தொத்திக்கிட்டு உள்ள போகுது."

"அப்ப அந்தக் கதவை அடைச்சுட்டா?"

எத்தனை தடவை பதில் சொல்வது? மேடத்துக்குப் பொறுமை போய்விட்டது.

"அடைச்சுப் பாருங்க."

அடைத்தார். நாயின் செல்கள் வளரும் பாட்டில்களில், அந்தக் கதவின்மேல் போய் ஒட்டிக்கொள்கிற ஆன்டிபாடியை ஊற்றினார். ஒரு கதவுகூட மிச்சமிருக்கக் கூடாதென்று தாராளமாகவே ஊற்றினார். அதன்பிறகு வைரஸ்.

"ஒரு பாட்டில்ல மட்டும் வைரஸ் போடாதீங்க. ஆன்டிபாடி போதும்" என்றார் மேடம். எங்கள் ஆய்வகத்தில் எந்தச் சோதனைக்கும் அப்படி ஒன்று வைத்தாக வேண்டும்.

"வைரஸே இல்லாத பாட்டில்ல என்னத்தைப் பாக்கறது? தண்டம்" என்று முணுமுணுத்துக்கொண்டே வைத்தார்.

மறுநாள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தோம். வைரஸ் புகுந்த செல் பச்சையாக மின்னும். ஒரு பொட்டுப் பச்சை இல்லை. உடனே ஜாங்கிரி வாங்கி வந்துவிட்டார். நான் தின்றேன். மேடம் தொடவில்லை.

"பொண்ணுகிட்ட குட்டி வாங்கலாம்னு சொல்லிடவா மேடம்?"

"கொஞ்சம் பொறுங்க, டாக்டர்."

அந்த வாரக் கடைசியில் அலறிக்கொண்டு வந்தார்.

"எல்லாம் செத்து மிதக்குது! எந்த வழியா வைரஸ் புகுந்துச்சுன்னே தெரியலை!"

"பச்சை இருக்கா?"

"இல்லை."

"வைரஸ் போடாத பாட்டில் எப்படி இருக்கு?"

அதை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. போய் எடுத்து வந்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். அதிலும் ஒன்றுகூட உயிரோடு இல்லை.

"இதுல வைரஸே போடலையே மேடம்!"

"இரும்பும் உள்ள போகலையே, டாக்டர்."

"சே, என்ன செல் இது? திறந்து வெச்சாலும் சாகுது, அடைச்சு வெச்சாலும் சாகுது. என் பொண்ணுகிட்ட போய் நான் என்னத்தைச் சொல்ல?"

மேஜையில் ஓங்கிக் குத்தினார். கண் கலங்கியிருந்தது.

மேடம் அந்தப் பாட்டிலின் மூடியை இறுக்கித் திருகி, அவர் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"இதைக் கொண்டுபோய் அவகிட்ட குடுங்க, டாக்டர். இதுக்கு எந்த நோயும் வராது."