கதவுக்கு வெளிய நின்ன சேதி

மலையடிவாரத்துல ஒரு மடம். அதுக்குக் குரு கோமதி டீச்சர். முன்னால பள்ளிக்கூடத்துல கணக்குச் சொல்லிக்கொடுத்தவங்க. துறவு வாங்கினப்புறமும் டீச்சர்ங்கற பேரு போகல. அவங்களோட சீடர் ஆவுடையப்பன், அவங்களவிட ரொம்ப மூத்தவர். டெலிபோன் ஆபீஸ்ல ரிட்டயர் ஆகி, மன அமைதி வேணும்னு வந்தவர். இன்னும் கெடைக்கல.

அன்னிக்கு ஆஸ்பத்திரிலேர்ந்து நேரா மடத்து ஆபீசுக்கு வந்தாரு. டீச்சர் அங்கதான் இருந்தாங்க. போன் மேசையில மடத்துப் பையன் இசக்கிராசு.

"பூலம்மாவப் பாத்துட்டு வாறேன். கால்ல கம்பி வச்சிருக்கு."

"வலி இருக்கா?"

"அவளுக்கு வலி. எனக்குக் கோவம்."

"உக்காருங்கண்ணே."

உக்காரல.

விஷயம் இதுதான். முந்தின வாரம் மேல மலையில மழை. ஆத்துல திடீர்னு வெள்ளம். அருவிக்கிட்ட இருக்க மடத்துக் காவல் குடிசைலேர்ந்து ஆபீசுக்கு போன் வந்துது. இங்கேர்ந்து படித்துறை ஸ்பீக்கர்ல சொல்லணும். இசக்கிராசு சொல்லல. டீச்சரக் கேட்டுட்டுச் சொல்லலாம்னு போனான். டீச்சர் பூஜையில இருந்தாங்க. கதவுக்கு வெளிய கைகட்டி நின்னான். கதவு தொறக்கறதுக்குள்ள தண்ணி படித்துறைக்கு வந்துட்டுது. பாத்திரம் விளக்கிட்டிருந்த பூலம்மாவ அடிச்சுட்டுப் போயி, ஒரு மருதமரத்து வேர்ல விட்டுச்சு.

"கைகட்டி நின்னானாம்! வெள்ளத்துக்குத் தெரியுமா மரியாத?"

இசக்கிராசு தலைய நிமித்தல.

"அவன விடுங்க. என்ன செய்யணும்ங்கறீங்க?"

"வயரிங்க மாத்தணும். எந்த நெட்வொர்க் நல்லதுன்னு நீங்க சொல்லுங்க. இன்னிக்கே இழுக்கேன்."

"எனக்கு என்ன தெரியும்? என்னென்ன இருக்கு?"

"இப்ப இருக்கது ஸ்டார். குடிசை, படித்துறை, அடுப்படி, தொழுவம், எல்லாத்துக்கும் தனித்தனி வயர். எல்லாம் வந்து சேர்ற எடம் இந்த மேசை. நாந்தான் போட்டேன். ஒரு வயர் அறுந்தா அந்த எடம் மட்டும் போகும். மேசை தூங்குச்சுன்னா மடமே தூங்கும்."

"வேற?"

"பஸ்னு ஒண்ணு. ஒரே நீள வயர், எல்லாரும் அதுலயே தொங்கணும். ஒருத்தன் பேசினா எல்லார் காதுலயும் விழும். செலவு கம்மி. நடுவுல எலி கடிச்சா சோலி முடிஞ்சுது. ரெண்டு பேரு சேந்து பேசினா ஒரு எழவும் வெளங்காது."

"நம்ம பந்தி மாதிரி."

ஆவுடையப்பன் சிரிக்கல.

"ரிங்குன்னா வட்டம். குடிசை தொழுவத்துக்குச் சொல்லும், தொழுவம் அடுப்படிக்கு, அடுப்படி படித்துறைக்கு. முறை வச்சுப் பேசறதால மோதல் கெடையாது. ஆனா எவனாவது ஒருத்தன் வாங்கி மடியில வச்சுக்கிட்டான்னா அதோட நின்னு போகும். வச்சுக்கிட ஆளா இல்ல இங்க?"

"அப்ப எது?"

"மெஷ். எல்லா எடத்துலேர்ந்தும் எல்லா எடத்துக்கும் வயர். செலவு முழி பிதுங்கும். பிதுங்கட்டும். ஒருத்தன் வாய மூடிட்டிருந்தாலும் சேதி வேற வழியாச் சுத்திப் போயிரும்."

டீச்சர் ஒவ்வொரு எடமா விரல் விட்டு எண்ணுனாங்க.

"சரி, எல்லாத்தையும் இழுத்தாச்சு. குடிசையில இருக்கவன் நேரா படித்துறைக்கே பேசலாம். ஆனா அவனும், தொழுவத்துக்காரனும், அடுப்படியும், எதுவானாலும் டீச்சரக் கேட்டுட்டுச் சொல்லலாம்னு இருந்தா? அப்ப அதுக்கு என்ன பேரு?"

ஆவுடையப்பன் மேசையில வந்து சேர்ற வயரெல்லாம் ஒரு தடவை பாத்தாரு.

"ஸ்டாரு. அதுவும் செலவு கூடின ஸ்டாரு."

சொன்னதும் அவருக்கு மொகமே மாறிப்போச்சு.

"அப்ப தப்பு வயர்ல இல்ல. இவன இப்படிப் பழக்கினது யாரு? கொழம்புக்கு உப்புப் போடக்கூட உங்களக் கேக்கானுவ. நீங்களும் சலிக்காமச் சொல்லுதீங்க. மேசையில ஒக்காந்திருக்கது இவன்னு நெனச்சு இவன ஏசிட்டிருந்தேன். நீங்கல்லா ஒக்காந்திருக்கீங்க!"

"ஆமா."

அது இன்னும் எரிச்சலக் கெளப்புச்சு. ஆமான்னு சொல்லிட்டா அதுக்கு மேல எப்படிச் சண்டை போடறது?

போன் அடிச்சுது.

இசக்கிராசு எடுத்தான். மொகம் வெளுத்துட்டுது.

"குடிசைலேர்ந்து. தண்ணி செக்கச்செவேல்னு வருதாம். பாறை முங்கிட்டாம்."

மைக் கைக்கு எட்டற தூரத்துலதான் இருந்துது. அவன் மைக்கப் பாக்கல. டீச்சரப் பாத்தான்.

"டீச்சர்... சொல்லிரட்டுமா?"

டீச்சர் பதில் சொல்லல. தலையும் ஆட்டல.

ஆவுடையப்பன் மைக்குக்குப் பாஞ்சாரு. டீச்சர் அவர் மணிக்கட்டப் பிடிச்சு நிறுத்துனாங்க. துறவி பிடின்னு அதச் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்துப் பிடி.

"விடுங்க! வாசல்ல நிக்க பஸ்ஸுல வந்த கூட்டம் பூரா குளிக்கப் போயிருக்கும்!"

டீச்சர் விடல. பேசவும் இல்ல.

இசக்கிராசு இன்னொரு தடவை அவங்க மொகத்தப் பாத்தான். அதுல ஒண்ணும் இல்ல. மைக்க இழுத்தான்.

"படித்துறையில இருக்கவுக எல்லாம் மேல ஏறுங்க! தண்ணி வருது! துணி போனாப் போகுது, ஏறுங்க!"

கொரல் உடைஞ்சு போச்சு. நிறுத்தல. திரும்பத் திரும்பச் சொன்னான்.

டீச்சர் கைய விட்டாங்க. ஆத்துச் சத்தம் ஆபீஸ் வரைக்கும் கேட்டுது.

"நீங்கள்லாம் ஒரு குருவா?" ஆவுடையப்பன் மணிக்கட்டத் தேச்சுக்கிட்டே கத்துனாரு. "ஒரு உசுரு போயிருந்தா?"

"படித்துறையில யாரும் இல்லண்ணே. மலை கறுத்ததுமே, நீங்க வர்றதுக்கு முன்னாலயே, நான் போயி எல்லாரையும் ஏத்திக் கூட்டிட்டு வந்துட்டேன். பந்தியில உக்காந்து ரெண்டாந்தடவை சாம்பார் கேட்டுட்டிருக்காங்க."

ஆவுடையப்பன் நின்னாரு. கோவம் அப்படியே இருந்துது, எறக்கி வைக்க எடம்தான் இல்ல.

"அப்ப அத இவன்ட்ட சொல்லியிருக்கலாமே. இல்ல, 'சொல்லு'ன்னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை! பாருங்க இவன, கத்திக் கத்திக் கொரலே இல்ல."

டீச்சர் இசக்கிராசப் பாத்தாங்க. அவன் இன்னும் மைக்க விடல.

"அடுத்த வெள்ளம் நான் இல்லாத அன்னிக்கு வரும்ணே."