மைனாவின் பாட்டும் ஆள்காட்டியின் கூச்சலும்

செம்பி என்ற பெண்மானுக்கு அந்த ஓடைக்கரையில் ஒரு பறவையைக் கண்டாலே ஆகாது. இன்னொன்று என்றால் உயிர்.

ஆகாதது, தரையில் முட்டையிடும் ஆள்காட்டிக் குருவி. அது கத்தினால் போதும், அடுத்த நொடி புதருக்குள்ளிருந்து புலி பாயும். மான்கள் தலைதெறிக்க ஓடித் தப்பும். இப்படி எத்தனையோ தடவை நடந்ததில், ஆள்காட்டி சும்மா நடந்து போனாலே செம்பிக்கு உடம்பு நடுங்கும்.

உயிரானது மைனா. அத்திமரத்தில் அது பாடிக்கொண்டே கொத்தினால் பாதிப் பழம் கீழே விழும். போகப் போக, பழம் விழுவதற்கு முன்பே, பாட்டைக் கேட்டதுமே செம்பியின் வாயில் எச்சில் ஊற ஆரம்பித்தது.

செம்பிக்குக் குட்டி பிறந்தது. துள்ளி என்று பெயர். "இந்தச் சனியன் பக்கத்துல என் புள்ளைய வளக்க முடியாது!" என்று ஆள்காட்டியின் எதிரே போய் நின்றது செம்பி.

"போயிடு! நீ கத்துனா புலி வருது!"

"அய்யோ அக்கா! நான் கத்தி அவன் வரல. அவன் வர்றதப் பாத்துட்டுதான் கத்துறேன்!"

"வாயாடாத! மைனா பாடி என்னைக்காவது புலி வந்திருக்கா?"

ஆள்காட்டி பதில் சொல்வதற்குள் செம்பி காலை ஓங்கி, கூழாங்கற்களுக்கு நடுவே இருந்த நான்கு முட்டைகளையும் மிதித்துவிட்டது. குருவி அலறிக்கொண்டே வேறு காட்டுக்குப் பறந்து போயிற்று. மற்ற மான்களோ, "நல்ல காரியம் பண்ணின!" என்று தலையாட்டின.

மறுநாள் மத்தியானம் மைனா பாடியது. செம்பிக்கு எச்சில் ஊறியது. "ஓடு கண்ணு, பழம்!" என்று துள்ளியை முன்னே அனுப்பியது. எங்கும் ஒரு கூச்சல் இல்லை. செம்பிக்கு மனசு நிம்மதியாக இருந்தது.

அத்திமரத்தடிப் புதரிலிருந்து புலி பாய்ந்தது!

துள்ளி ஒரே ஒரு முறை "அம்மா!" என்றது. அவ்வளவுதான்.

எப்படி ஓடினோம் என்று செம்பிக்கே தெரியாது. புலி போன பிறகு தள்ளாடிக்கொண்டே திரும்பி வந்தது. "யாருமே கத்தலையே! அப்புறம் எப்படிப் புலி வந்துச்சு?"

மேலேயிருந்து மைனா எட்டிப் பார்த்தது. "காலையில இருந்தே அங்கதான் படுத்திருந்துச்சு. நான் பாத்தேனே!"

"பாத்தியா? ஏன் சொல்லல?"

"நான் எதுக்குச் சொல்லணும்? எனக்குப் பசி, தின்னேன்!" என்று சொல்லிவிட்டு மைனா மறுபடியும் பாட ஆரம்பித்தது.

குட்டியின் ரத்தம் காயாத அந்த மண்ணில் நின்றபோதும், பாட்டைக் கேட்டதும் செம்பியின் வாயில் எச்சில் ஊறியது. ஐயோ! தன் நாக்கை நினைத்துச் செம்பி அப்படியே உறைந்து போயிற்று.

நல்லதோடு கூடவே வருகிறது என்பதற்காக ஒன்றை விரும்பவும், கெட்டதோடு கூடவே வருகிறது என்பதற்காக இன்னொன்றை வெறுக்கவும் மனம் தானாகவே பழகிவிடும். எது எதைக் கொண்டுவந்தது என்று நின்று யோசிக்காதவர், தன்னைக் காப்பவரைத்தான் முதலில் விரட்டுவார்.