பனியா, சாம்பலா

ரெஜினா சொன்ன ஒரு எண்ணால் கடலோரக் குப்பத்துப் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது.

பள்ளி மாடியில் அவள் வைத்த கருவி காற்றை உள்ளே இழுத்து, அதன்மேல் ஒளியைப் பாய்ச்சும். துகள் பட்டு ஒளி சிதறுவதை வைத்து எவ்வளவு தூசி என்று கணக்குச் சொல்லும். விடிகாலைகளில் எண் எகிறியது. பக்கத்து அனல்மின் நிலையத்துச் சாம்பலும் புகையும் என்று எழுதிக் கொடுத்தாள்.

"வெறும் பனியைப் பாத்துட்டு எங்கள பயமுறுத்துறீங்களேம்மா" என்று நேற்று ஒரு தாய் கேட்டாள். பிள்ளையைத் தனியே விட்டு வேலைக்குப் போக முடியாதவள். அதிலிருந்து ரெஜினாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அவளுக்கு ஆய்வு கற்றுத் தந்த பரந்தாமன் அவளைவிட வயதில் இளையவர். அவரையே மாடிக்கு அழைத்து வந்தாள். எதிர்க் கட்டடம் தெரியாத அளவுக்குப் பனி.

"இது பனியா, சாம்பலா சார்? தலைமையாசிரியை கீழே காத்திருக்காங்க."

அவர் குனிந்து கருவியின் வாயில் மூச்சை ஊதினார். எண் தாவி ஏறியது.

"என் நெஞ்சுல சாம்பலா இருக்கு?"

"ஈரம் சார்."

"கருவிக்கு அது தெரியுமா?"

"தெரியாது. நீர்த்துளி பட்டாலும் ஒளி சிதறும்."

பையிலிருந்து சூடேற்றும் குழாய் ஒன்றை எடுத்துக் கருவியின் வாயில் மாட்டினார். இனி காற்று காய்ந்துதான் உள்ளே போகும்.

ரெஜினா எண்ணையே பார்த்து நின்றாள். இறங்கிவிடு, இறங்கிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது.

இறங்கியது. பாதியானது. பிறகு அபாய அளவுக்கும் கீழே போனது.

"பனிதான் சார். திறக்கச் சொல்லிடறேன்." படியை நோக்கி ஓடாத குறையாக நடந்தாள்.

"குழாய்ல சூடு எவ்வளவு வச்சிருக்கேன்?"

நின்றாள். "பாக்கல சார்."

"சூடு மிஞ்சினா?"

"புகைத்துகள் சிலது ஆவியாயிடும், கணக்குல வராது. அப்ப இந்த எண்ணும் பொய்யா?"

"தெரியல. எண் ஏறினப்ப கருவியைச் சந்தேகப்பட்டு என்னை இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தீங்க. இறங்கினப்ப உங்களுக்கு யாரும் தேவைப்படல."

"மணி அடிக்கச் சொல்லட்டுமா மேடம்?" என்று கீழிருந்து தலைமையாசிரியையின் குரல் வந்தது.

ரெஜினா திரும்பி வந்து, குழாயின் சூட்டைப் பார்க்கக் கருவியின் முன் உட்கார்ந்தாள்.