சிறகோசை கேட்ட பிறகு

மழைக்காலம் வந்துவிட்டால் அந்த மலைக்காட்டில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. பனிமூட்டம் அப்படி இறங்கும். ஆனால் பேச்சு மட்டும் ஓயாது. துணை தேடும் இளம் பறவைகள் பாறை விளிம்பில் உட்கார்ந்து எதிர்மலையை நோக்கிக் குரல் கொடுக்கும். பனிக்குள்ளிருந்து யாராவது பதில் சொல்வார்கள். பிடித்திருந்தால் பேச்சு தொடரும்.

தாழை என்ற இளம் இருவாச்சிப் பறவையும் அந்த வருடம் பாறைக்கு வந்தாள். அவள் சிரித்தால் காடே திரும்பிப் பார்க்கும், அவ்வளவு சத்தம்.

இருவாச்சிப் பெண்ணுக்குத் துணை தேடுவது விளையாட்டுக் காரியமில்லை. முட்டையிடும் காலத்தில் அவள் மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொள்வாள். சிறகுகள் உதிர்ந்துவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு சந்துதான் மிச்சம். வெளியே இருப்பவன்தான் அவளுக்குச் சோறும் காவலும். அந்தப் பொந்து தப்பானவனுக்குத் தெரிந்தால் தாயும் போச்சு, பிள்ளையும் போச்சு.

பனிக்குள்ளிருந்து வந்த குரல்களில் ஒன்று தாழைக்குப் பிடித்துப்போனது.

"என் பேர் மருதன். நானும் இருவாச்சிதான். உங்க சிரிப்பைக் கேட்ட பிறகுதான் எனக்குப் பொழுதே விடியுது."

இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் உள்ளம் குளிராது? தாழைக்கும் குளிர்ந்தது. தினமும் பழத்தைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினார்கள்.

"எங்க பக்கம் ஓயாத தவளைச் சத்தம். உங்க பக்கம் எப்படி?" என்றான் ஒருநாள்.

"அருவிச் சத்தம்தான். அதைக் கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வரும்."

இன்னொரு நாள், "இப்ப அங்க என்ன பூக்குது?" என்றான்.

"எதிர்ல ஒரு சண்பகம் பூத்துக் கொட்டுது."

மறுநாள் அவன் குரல் இன்னும் குழைந்தது. "அருவி, சண்பகம்... அப்போ காலை வெயில் முதல்ல விழுற பக்கம்தானே உன் பொந்து?"

நேற்றுவரை 'உங்க' என்றவன் இன்று 'உன்' என்கிறான். தாழை அதைக் கவனித்தாள். அருவியும் சண்பகமும் சேர்ந்து இருக்கும் இடம் இந்த மலையில் ஒன்றுதான் என்பதும் அப்போதுதான் உறைத்தது. பேச்சோடு பேச்சாக வீட்டுக்கு வழியே சொல்லிவிட்டாளே! அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

வேறு யாராவது என்றால் வெட்கப்பட்டு மூடி மறைத்திருப்பார்கள். தாழை நேரே தன் தோழி அல்லி என்ற மலை அணிலிடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னாள். இந்த இடத்தில்தான் எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கிறது.

அல்லி கேலி செய்யவில்லை. "அவன் நல்லவனாவே இருக்கட்டும்டி. தெரியுறவரைக்கும் நீ அங்க தூங்காத."

ஆசை ஆசையாகத் தேடிப் பிடித்த பொந்து. மனசே இல்லாமல் அன்றே அதை விட்டு வேறு மரத்துக்குப் போனாள்.

அடுத்த நாள் பாறையிலிருந்து கேட்டாள். "மருதன், ஒரு தடவை பறங்க."

"இந்தப் பனியில உனக்கு என்ன தெரியும்?"

"தெரிய வேண்டாம். கேட்டாப் போதும்."

இருவாச்சி பறந்தால் அதன் சிறகோசை பள்ளத்தாக்கையே தாண்டிக் கேட்கும். குரலை இரவல் வாங்கலாம், அந்த ஓசையை வாங்க முடியாது.

முதலில் சிறகில் முள் குத்திவிட்டது என்றான். பிறகு நனைந்துவிட்டது என்றான். கடைசியில் சீறினான். "நம்பிக்கை இல்லாதவகிட்ட எனக்கு என்ன பேச்சு? பொந்தைக் காட்டு. இல்லன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

தாழைக்குச் சுருக்கென்றது. அந்தக் குரல் இல்லாத காலைப்பொழுதுகளை நினைத்துப் பார்த்தாள். ஆனாலும் அவள் இளகவில்லை.

"பொந்து கிடையாது. உச்சிவேளையில பெரிய அத்திமரத்துக்கு வாங்க. எல்லாரும் பழம் தின்ன வர்ற இடம். அங்க பார்த்துக்கலாம்."

அல்லியிடம் சொல்லி அவளையும் கூட்டிக்கொண்டுதான் போனாள். போனவள் அத்திமரத்தில் உட்காரவும் இல்லை. எதிர்மரத்தின் உச்சியில் இருந்து பார்த்தாள். வெயில் ஏறப் பனி மெல்ல விலகியது. அத்திமரத்தின் அடிக்கிளையில் பழுப்பு நிறத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டு படுத்திருந்தது.

"வந்துட்டேன் தாழை, கீழ இறங்கி வா" என்றது அதே இனிய குரல். பேசியது ஒரு மரநாய்.

"மரநாய்! மரநாய்!" என்று அல்லி கத்தினாள். மேல்கிளைகளில் இருந்த குரங்குகள் அத்திப்பழங்களைப் பறித்து வீசின. வாங்கிக் கட்டிக்கொண்டு மரநாய் ஓட்டம் பிடித்தது.

திரும்பும் வழியில் தாழை பழைய பொந்தை எட்டிப் பார்த்தாள். வாசலெங்கும் புதிய நகக்கீறல்கள்.

"இனிமே பாறைப் பக்கம் போகாத" என்றார்கள் பலர்.

"பனி என்ன தப்பு பண்ணுச்சு?" என்றாள் தாழை. அழுது முடித்ததும் மறுபடி பாறைக்கு வந்தாள்.

ஒருநாள் புதிதாக ஒரு குரல் கேட்டது. "நான் வேங்கையன்."

"ஒரு தடவை பறங்களேன்."

அவள் சொல்லி வாய் மூடவில்லை. பள்ளத்தாக்கின் குறுக்கே பலத்த சிறகோசை வந்து போனது. பிறகு அவன் கேட்டான். "நீங்க மட்டும் கேட்டா எப்படி? இப்ப நீங்க பறங்க. எனக்கும் தெரியணும் இல்ல?"

தாழை சிரித்தாள். காடே திரும்பிப் பார்த்தது.

அத்திமரத்தில் பலமுறை எல்லார் முன்னாலும் சந்தித்தார்கள். பொந்து எங்கே என்று வேங்கையன் கேட்கவே இல்லை. தாழைக்கு மனசு நிறைந்த ஒரு நாளில் அவளே கூட்டிப்போய்ப் புதுப் பொந்தைக் காட்டினாள். பிறகு உள்ளே புகுந்து, பயமில்லாமல் வாசலைப் பூசிக்கொண்டாள்.

முகம் தெரியாதவரோடு மனம்விட்டுப் பேசலாம். ஆனால் அவர் யாரென்று உறுதியாகும்வரை நம் வீட்டு வழியைத் துளித்துளியாகக்கூடச் சொல்லிவிடக் கூடாது.