பழுத்த இலையைப் பறித்த நரி

மலையடிவாரக் காட்டில் மிருகங்கள் எல்லாம் சேர்ந்து மக்காச்சோளம் போட்டிருந்தன. முந்தின கோடையில் பாதிக் காடு பட்டினி கிடந்ததால் வந்த யோசனை அது. காட்டுப்பன்றி கருத்தமுத்து தன் கூட்டத்தோடு வந்து மூக்காலேயே நிலத்தைக் கிளறிக் கொடுத்தான். முயல்கள் விதை ஊன்றின. மழையும் நேரத்துக்குப் பெய்தது. எல்லா வேலையும் முடிந்த அன்றைக்குக் கையைப் பிசைந்துகொண்டு வந்து சேர்ந்தான் நரி செங்கண்ணன்.

நேராகக் காட்டுத் தலைவர் கொம்பையா யானையிடம் போனான்.

"ஐயா, விதைச்சாச்சு. ரொம்ப சந்தோசம். ஆனா பயிருக்கு என்ன பசி, என்ன தாகம்னு கூடவே இருந்து பாக்க ஒரு ஆள் வேணாமுங்களா?"

"வேணும்தான். யாரு இருக்கா?"

"ஐயா மனசு வெச்சா நான் இல்லீங்களா."

அப்படித்தான் செங்கண்ணன் பயிர்க் கண்காணிப்பாளர் ஆனான். கண்காணிப்பாளருக்கு அறுவடையில் முதல் பங்கு என்று கொம்பையா சொல்லிவிட்டார்.

வீட்டில் அவன் மனைவி பூவாயி இதைக் கேட்டதும் அழுதுவிட்டாள். போன கோடையில் ஒரு குட்டியைப் பசிக்குப் பறிகொடுத்தவள் அவள். மிச்சமிருந்த குட்டிகளை அணைத்துக்கொண்டு, "இந்தத் தடவை நம்ம புள்ளைங்க வயித்துக்கு இருக்கும்ல?" என்று கேட்டாள்.

"நானே பக்கத்துல நின்னு பாக்கறேன். உனக்கென்ன கவலை?" என்றான் செங்கண்ணன். அதை அவன் மனசாரத்தான் சொன்னான்.

கண்காணிப்பு எப்படி நடந்தது என்றால், வாரம் ஒரு நாள் கொம்பையா வரப்பில் வந்து நிற்பார். அவர் உயரத்துக்குப் பயிரின் உச்சிக் குருத்து மட்டும்தான் தெரியும். "பச்சைப் பசேல்னு இருக்கேப்பா," என்பார். "எல்லாம் ஐயா ராசிங்க," என்பான் செங்கண்ணன். இருவரும் திருப்தியாகத் திரும்பிப் போவார்கள். ஒரு தடவை கொம்பையா, "உரம் கிரம் ஏதாச்சும் போடணுமா?" என்றுகூடக் கேட்டார். செங்கண்ணன் காதைப் பொத்திக்கொண்டான். "ஐயா கால் பட்ட மண்ணுக்கு உரமா? கேக்கவே சங்கடமா இருக்குதுங்க."

பயிர் முழங்கால் உயரம் வந்தது. ஒரு நாள் செங்கண்ணனின் தொடையில் உண்ணி கடித்தது. அதைப் பிடுங்க வரிசைக்கு நடுவே உட்கார்ந்தவன், முதல் முறையாகப் பயிரின் அடியைப் பார்த்தான். அடி இலை பழுத்திருந்தது. நுனியில் தொடங்கிய மஞ்சள் நடு நரம்பைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கியிருந்தது. பக்கத்துச் செடியும் அப்படித்தான். அதற்கடுத்ததும் அப்படித்தான்.

செங்கண்ணன் ஒன்றும் முட்டாள் இல்லை. பார்த்த உடனே அவனுக்குப் புரிந்துவிட்டது. மண்ணில் சத்து பத்தவில்லை. அதனால் செடி, அடி இலையில் இருப்பதை உருவி உச்சிக் குருத்துக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. மேலே பச்சை தெரிவது கீழே காய்ந்துகொண்டிருப்பதால்தான். கருத்தமுத்துவைத் தேடி ஓடினான்.

கருத்தமுத்து வந்து முகர்ந்து பார்த்தான். "இப்ப ஒண்ணும் கெட்டுப் போகல. இப்பவே உரம் வெச்சா தேறிக்கும். கதிர் வாங்கினப்புறம் கொட்டி என்ன புண்ணியம்?"

"உரத்துக்கு எங்க போறது?"

"நம்ம ஐயா படுக்குற மருத மரத்தடியிலதான் யானை லத்தி மலையாட்டம் மக்கிக் கிடக்கே. நாலு பேரு சேந்து அள்ளிட்டு வந்து வேரடியில போட்டா ஆச்சு."

அள்ளுவதில் செங்கண்ணனுக்குக் கஷ்டமில்லை. கேட்பதில்தான் கஷ்டம். உரமே வேண்டாம் என்று காதைப் பொத்தின வாய்க்காரன், இப்போது போய், 'ஐயா, பயிர் பழுத்துப்போச்சு, உங்கள் லத்தியைக் கொடுங்கள்' என்று எப்படிக் கேட்பான்? கேட்டால் வேலை போகும். வேலை போனால் முதல் பங்கு போகும். அவன் வெகுநேரம் யோசித்தான். பிறகு முகம் தெளிந்தது.

"கருத்தமுத்து, மஞ்சளா இருக்கறது எது?"

"இலைதான்."

"அப்ப இலையைப் பறிச்சுட்டா?"

கருத்தமுத்து அவனை ஏற இறங்கப் பார்த்தான். "அப்பவும் செடி பசியிலதானய்யா இருக்கும்."

"பசி கண்ணுக்குத் தெரியாதுல்ல. ஆமா, கேக்கணும்னு இருந்தேன். துணைக் கண்காணிப்பாளர் பதவி ஒண்ணு காலியா இருக்கு. உனக்கு வேணுமா?"

கருத்தமுத்துவின் பிடரி மயிர் பெருமையில் சிலிர்த்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவன் செடியின் பசியைப் பற்றிப் பேசவில்லை.

முயல்களைக் கூப்பிட்டார்கள். பழுத்த இலையைப் பறிக்கச் சொன்னார்கள். பறித்ததைத் தின்னவும் சொன்னார்கள். இப்படி ஓர் அதிகாரியை வாழ்நாளில் பார்த்ததில்லை என்று முயல்கள் பூவாயியிடமே போய்ச் சொல்லிவிட்டு வந்தன.

அந்த வாரம் கொம்பையா வந்தபோது கோபமாக இருந்தார். கிளி ஒன்று அவர் காதில் போட்டுவிட்டது. "அடி இலையெல்லாம் பழுத்துக் கெடக்காமே?"

"ஐயாவே பாத்துக்குங்க," என்றான் செங்கண்ணன்.

கொம்பையா தும்பிக்கையை விட்டுத் துழாவினார். குனிந்தும் பார்த்தார். ஒரு மஞ்சள்கூட இல்லை. "இந்தக் கிளிங்களுக்கு இதே பொழப்பாப் போச்சு," என்று சொல்லிவிட்டு, செங்கண்ணன் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

ஆனால் செடிக்கு இது எதுவும் தெரியாது. அது தன் பாட்டுக்கு அடுத்த இலையை உருவிக் குருத்துக்குக் கொடுத்தது. அடுத்த இலை பழுத்தது. முயல்கள் அதையும் பறித்தன. பழுப்பு மேலே ஏற ஏற, முயல்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நின்று எட்டிப் பறித்தன.

"என்னப்பா, பயிர் இவ்வளவு ஒல்லியா இருக்கு?" என்றார் கொம்பையா.

"இது நாகரிகமான பயிருங்க. கண்ட இலையையும் போட்டு வளத்துக்காது."

ஒரு நாள் காலையில் பூந்தூறல் போட்டது. உரம் வைக்க அதைவிடத் தோதான நேரம் கிடையாது. கடைசி நேரமும் அதுதான். வீட்டில் குட்டிகள், "சோளம் எப்பப்பா வரும்?" என்று அவன் வாலைப் பிடித்துத் தொங்கின. செங்கண்ணனால் தாங்க முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து மருத மரத்தடிக்கு நடந்தான். லத்திக் குவியல் ஈரத்தில் கருகருவென்று கிடந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்கு அழுகை வந்தது.

"வாப்பா. பயிர் எப்படி இருக்கு?" என்றார் கொம்பையா.

செங்கண்ணன் வாயைத் திறந்தான். சொல்ல வந்தது நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. வெளியே வந்தது வேறு.

"ஒரு பழுத்த இலைகூட இல்லீங்க ஐயா."

"கெட்டிக்காரன்! உனக்கு இன்னொரு பங்கு சேத்துக் குடுக்கச் சொல்றேன்." கொம்பையா தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டார். "இந்தா, இந்த லத்தி நாத்தம் எனக்கே தாங்கல. யாராச்சும் அள்ளிட்டுப் போனா நல்லாருக்கும்."

சொர்க்க வாசலே திறந்துவிட்டது. "சரிங்க" என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் செங்கண்ணனின் நாக்கு இத்தனை நாளில் பழகின பழக்கம் வேறு.

"ஐயா லத்தியா நாறுது? யாருங்க சொன்னது? சந்தனமுங்க அது. எவன் கை வைக்கிறான்னு நான் பாக்கறேன்."

கொம்பையாவுக்கு உச்சி குளிர்ந்தது. லத்தி இருந்த இடத்திலேயே இருந்தது.

அறுவடை நாள் வந்தது. கதிர்கள் ஒரு விரல் நீளம்கூட இல்லை. தோலை உரித்தால் பொக்கை வாய் மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக மணி இருந்தது. மிருகங்கள் கதிரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தன. கொம்பையா உச்சுக் கொட்டினார். "மண்ணு சரியில்ல போல," என்று சொல்லிவிட்டு, ஆற்றுக்கு அக்கரையில் இருந்த மூங்கில் காட்டுக்குத் தன் கூட்டத்தோடு போய்விட்டார்.

கொம்பையா சொன்னபடி செங்கண்ணன் தன் இரண்டு பங்கையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். குட்டிகள் பாய்ந்து வந்து உரித்தன. ஒன்றை உரித்துப் போட்டுவிட்டு இன்னொன்றை உரித்தன. கடைசிக் கதிரையும் உரித்துவிட்டு அம்மா முகத்தைப் பார்த்தன. வெளியே வெயில் ஏற ஆரம்பித்திருந்தது.

"என்னங்க இது?" என்றாள் பூவாயி.

"எனக்கே தெரியல புள்ள. பயிர்ல ஒரு பழுத்த இலைகூட இல்ல. நீ வேணா வந்து பாரு," என்றான் செங்கண்ணன், பழக்க தோஷத்தில்.

பூவாயி வெறும் கதிரைக் கீழே வைத்தாள். "இலையாச்சும் இருந்திருந்தா புள்ளைங்களுக்கு அதையாவது மெல்லக் குடுத்திருப்பேன். அதையும் முயலுக்குப் போட்டுட்டு வந்துட்டீங்களே," என்றாள்.

கண்ட குறையைத் தீர்க்காமல் கண்ணில் படாமல் ஆக்குகிறவன், கடைசியில் தன் வீட்டு வயிற்றைத்தான் காயப் போடுகிறான்.