தறிச் சத்தத்தில் கேட்ட கேள்வி

சோமனூர்ப் பக்கம் ஒரு விசைத்தறி மில். தறி ஓடினால் இடி விழுந்தாலும் கேட்காது. மேனேஜர் நாச்சிமுத்து மாசம் ஒருநாள் அந்தச் சத்தத்துக்கு நடுவில் வந்து நின்று, "பாதுகாப்புல குறை உண்டா?" என்று கத்துவார். பதில் காதில் விழாது. 'குறை இல்லை' என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்.

ஒருநாள் தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார். ஆட்களை ஆபீசுக்கு வரவழைத்து, மேனேஜர் மார்தட்டினார். "இவங்களக் கேக்காம நான் ஒரு ஆணிகூட அடிக்கறதில்லீங்க! வேலாத்தா, நீயே சொல்லு."

தறி ஓட்டும் வேலாத்தாள் முன்னால் வந்து வாயை மட்டும் அசைத்தாள். சத்தமே இல்லை. கூட வந்த தறிக்காரர்கள் குபீரென்று சிரித்தார்கள்.

"என்ன சொல்றே? ஒண்ணும் கேக்கலையே!" என்று சீறினார் மேனேஜர்.

"தறிக்கு நடுவால நாங்க இப்படி வாயசைச்சுத்தானுங்க பேசிக்குவோம். கை சிக்காம இருக்கத் தறி பெல்ட்டுக்கு மூடி போடுங்கன்னு மாசாமாசம் உங்களுக்கும் இப்படித்தானுங்க சொன்னோம். இப்பச் சொன்னதும் அதேதானுங்க. இவங்க எல்லாருக்கும் கேட்டுச்சு. உங்களுக்குத்தான் கேக்கல."

ஆய்வாளர் எழுந்து மேனேஜர் பக்கம் திரும்பினார். "இனிமே தறியை நிறுத்திட்டுக் கேளுங்க."

இப்போது அந்த மில்லில் பெல்ட்டுக்கெல்லாம் மூடி உண்டு. மேனேஜர் எதையாவது கேட்க வேண்டுமென்றால் முதலில் தறி நிற்க வேண்டும். நிறுத்துகிற சுவிட்ச் வேலாத்தாள் கையில்.