கரையாத மண்கட்டி

மகுடேசன் என்று ஒரு ராஜா, ரொம்ப காலத்துக்கு முன்னால் நீலவாடி நாட்டை ஆண்டான். குப்பையைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. பண்ணை அதிகாரி விருத்தகிரி அதைப் பிடித்துக்கொண்டு, வயலும் அரண்மனை முற்றம் மாதிரி இருக்க வேண்டும் என்று ஓதிவிட்டான். சருகு, களை, கதிர் அறுத்த தாள் எல்லாவற்றையும் கூட்டி எரிக்கச் சொல்லி ஆணை பிறந்தது. நாசமாய்ப் போன ஆணை! நாலே வருஷத்தில் மண் வெளுத்தது. மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓடியது. பாதி ஜனம் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு தேசம் விட்டுப் போனது.

காத்தாயி என்ற குடியானவப் பெண் மட்டும் எரிக்கவில்லை. காட்டில் விழுந்த இலையே மண்ணுக்குப் போர்வை, அதுவே சாப்பாடு என்று கண்டவள் அவள். தன் வயலையும் சருகால் மூடினாள், விளைந்தது. விருத்தகிரிக்கு வயிறு எரிந்தது. ஆணையை மீறினாள் என்று சபைக்கு இழுத்து வந்து, நிலத்தைப் பறிக்கச் சொன்னான். புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவளுக்கு, பாவம், அந்தத் துண்டு நிலத்தை விட்டால் வேறு கதியில்லை.

நிலத்தைப் பறிப்பதற்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. அந்த வயலின் காய்ந்த மண்கட்டியைச் சபையில் தண்ணீரில் போடுவார்கள். கட்டி கரைந்தால் உரிமையும் போச்சு.

மந்திரி மாதவராயர் மெல்ல எழுந்து, ராஜாவின் வயல் கட்டியையும் பக்கத்தில் போடலாமே, எது உயர்ந்த மண் என்று சபை பார்க்கட்டும் என்றார். விருத்தகிரி பூரித்துப்போய்த் தானே ஓடிப்போய் எடுத்து வந்தான்.

இரண்டு கட்டியும் தண்ணீரில் விழுந்தன. வெற்றிலை மென்று முடிப்பதற்குள் ராஜாவின் கட்டி பொலபொலவென்று உதிர்ந்து சேறானது. காத்தாயியின் கட்டி உச்சிவேளை வரைக்கும் அப்படியே இருந்தது.

"வேரும் புழுவும் மக்கின இலையும் சேர்ந்து அதைப் பிடித்திருக்கின்றன" என்றார் மந்திரி. "வழக்கப்படி, கட்டி கரைந்தவர் நிலத்தை இழக்க வேண்டும். கரைந்தது யாருடைய கட்டி மகாராஜா?"

ராஜா தலை குனிந்தான். காத்தாயியின் நிலம் அவளுக்கே என்றான், ஆணையை ரத்து செய்தான். பண்ணை மண் தேறும்வரை விருத்தகிரி தலையில் சருகு சுமக்க வேண்டும் என்றான். பிறகு காத்தாயியைக் கேட்டான்: "என் மண் எப்போது தேறும்?"

"சருகு போட்டா நாலஞ்சு மழையில தேறும் சாமி. சருகுக்கு எங்க போவீங்க?"

மறுநாள் முழுக்க அலைந்தும் விருத்தகிரியின் கூடை கால்வாசிகூட நிறையவில்லை. சாயங்காலம் காத்தாயிதான் தன் வயலிலிருந்து இரண்டு கை சருகை அள்ளி அதில் போட்டாள்.